கீழ்வீட்டு ரூட்டரும் மாடிவீட்டு ரூட்டரும்

வீட்டு வைஃபையில் என்ன தொல்லை என்று எழுதி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை மேஜையில் பரப்பி வைத்துப் படித்தேன். வாக்வா, திரியோலே, மாஹேபூர் என்று நம் மொரிஷியஸில் ஊர்தான் மாறுகிறது. பெரும்பாலும் கதை ஒன்றே: முதலில் ஒரு ரூட்டர் இருந்தது, எட்டவில்லை என்று இரண்டாவது வந்தது, அன்றிலிருந்து ஏதோ ஒன்று சரியில்லை. ரோஸ்ஹில்லில் இருந்துகொண்டு வீடு வீடாகப் போய் நெட் சரிசெய்வது 16 வருடமாக என் தொழில். நான் ஏறி இறங்கிய மாடிப்படிகளில் அதிகமும் இந்தத் தொல்லைக்காகத்தான். அதனால் இந்த மாதம் இதையே பேசுவோம்.

வாக்வாவிலிருந்து ஒரு வாசகி:

"அக்கா, கீழே அத்தையும் மாமாவும். மாடியில் நாங்கள். கம்பெனி கொடுத்த நெட் பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று என் கணவர் ஒரு ரூட்டர் வாங்கி, கீழே இருந்து கேபிள் இழுத்து மாட்டினார். இப்போது மாடியில் நெட் பிரமாதமாக வருகிறது. ஆனால் பிரிண்டரை மாடிக்கு மாற்றியதிலிருந்து மாமாவால் கீழே இருந்து பிரிண்ட் எடுக்க முடியவில்லை. என் போனில் இருக்கும் குழந்தை படத்தை மாடியிலிருந்து அத்தையின் டிவியில் போட முடியவில்லை. பையனின் பிளேஸ்டேஷனில் நேட் டைப் 3 என்று காட்டுகிறது, நண்பர்களோடு பேச முடியவில்லை என்கிறான். முன்பெல்லாம் இவை எல்லாம் நடந்தன. புது ரூட்டர் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை, தங்கச்சி. இரண்டு பெட்டியும் நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுதான் தொல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவர் யோசித்தது சரிதான். 1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கேரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து மர வீடுகளையும் தகர வீடுகளையும் பிய்த்துப் போட்டன. அதற்குப் பிறகு இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. கூரை என்றால் தட்டையான கான்கிரீட் தளம், 'தால்'. அதன் ஓரங்களில் இரும்புக் கம்பிகளை வெட்டாமல் மேலே நீட்டி விட்டிருப்பார்கள், மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது ஒரு மாடி எடுக்கலாம் என்று. அந்தக் கம்பி கோத்த தளம் புயலுக்குக் காட்டும் முரட்டுத்தனத்தை வைஃபைக்கும் காட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டுவது மிகவும் கஷ்டம். 2.4 தாண்டும், ஆனால் இளைத்துப் போய்த்தான் மாடிக்கு வந்து சேரும். ஆக, மாடிக்குத் தனியாக ஒரு வைஃபை பெட்டி வேண்டியதுதான். படிக்கட்டில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிபீட்டரைச் செருகிவிட்டுப் போகாமல் சிரமப்பட்டுக் கேபிள் இழுத்தாரே, அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். வேலையில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு மெனுவில் ஒரு மாற்றம்.

ரூட்டர் என்று கடையில் விற்கும் பெட்டிக்குள் பல வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. அது வைஃபை பரப்புகிறது. வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஒரு முகவரி கொடுக்கிறது, இந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். அப்புறம், வீட்டிலிருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் ஒரே முகவரியின் பெயரில் அனுப்பி, பதில் வரும்போது யாருடையது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. இதுதான் நேட்.

நேட் எதற்கு என்றால், 1981-ல் வகுத்த ஐபி முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்தில் இருக்கும் கருவிகளுக்கு அது போதாது. ஆப்பிரிக்கா முழுமைக்கும் அந்த முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஆஃப்ரினிக் அமைப்பு இருப்பது நம் எபெனில், எங்கள் ரோஸ்ஹில்லுக்குப் பக்கத்தில். பங்கீடு எவ்வளவு இறுக்கமானது என்பது அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். வீட்டுக்கு வெளிமுகவரி ஒன்று கிடைத்தாலே பெரிது. அதனால் வீட்டுக்குள் புழங்குவதற்கென்று தனி முகவரிகளை 1996-ல் ஒதுக்கி வைத்தார்கள்: 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை. இவற்றை எந்த வீட்டிலும் பயன்படுத்தலாம், வாசலைத் தாண்டினால் செல்லாது. வாசலில் அதை மாற்றி எழுதி அனுப்புவதுதான் நேட்டின் வேலை.

லபுத்திக்கில், அதாவது தெருமுனை மளிகைக் கடையில், கடன் எழுதும் நோட்டான கர்னே ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஆத்தா அரிசியும் எண்ணெயும் வாங்கிவரச் சொல்லி அனுப்பினால், கடைக்காரர் அந்தச் சின்ன நோட்டில் பெயர் எழுதிக்கொண்டுதான் கொடுப்பார். கீழே இருக்கும் உங்கள் பெட்டியும் அப்படி ஒரு கர்னே வைத்திருக்கிறது. இந்தப் போன் இன்னதைக் கேட்டது என்று எழுதிக்கொள்கிறது, சரக்கு வந்ததும் பெயர் பார்த்துக் கொடுக்கிறது. இப்போது மாடியில் இன்னொரு லபுத்திக் திறந்துவிட்டீர்கள். அதற்குத் தனிக் கர்னே. கீழ்க்கடை நோட்டில் 'மாடிக்கடை' என்று ஒரே பெயர்தான் இருக்கும். மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கீழே தெரியாது. மாடியில் இருப்பவர்கள் எதைக் கேட்டாலும் இரண்டு நோட்டிலும் பதிவாகிப் போய், அதே வழியில் திரும்பி வந்துவிடும். அதனால்தான் நெட் நன்றாக வருகிறது. ஆனால் கேட்காமலே ஒருவர் கீழே இருந்து மாடியைத் தேடி வந்தால், நோட்டில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

மாமாவின் பிரிண்ட் நிற்பது அந்த இடத்தில்தான். அவர் லேப்டாப் கீழ் நெட்வொர்க்கில் இருக்கிறது, பிரிண்டர் மாடி நெட்வொர்க்கில் இருக்கிறது. அதே பிரிண்டர் கீழே இருந்து, நீங்கள் மாடியிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைத் தட்டி எடுத்துவிடலாம். மேலிருந்து கீழே போக வழி உண்டு, கீழிருந்து மேலே வர வழி இல்லை.

அத்தையின் டிவி விஷயம் வேறு. போனில் அந்தச் சின்ன டிவி படத்தைத் தொட்டதும் போன் என்ன செய்கிறது? 'இங்கே யாராவது டிவி இருக்கிறீர்களா?' என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்கிறது. அந்தக் குரல் ஒரு ரூட்டரைத் தாண்டிப் போகாது. மாடி ரூட்டரின் சுவரில் மோதி நின்றுவிடும். டிவி எட்டடி கீழே இருந்தாலும் கேட்காது.

பையனின் பிளேஸ்டேஷன் தன் வாசலைத் திறந்து வைக்கும்படி ரூட்டரிடம் தானாகவே கேட்கும். மாடி ரூட்டர் திறந்து வைக்கிறது. கீழ் ரூட்டரிடம் யாரும் கேட்கவில்லை, அது மூடியே இருக்கிறது. நண்பர்கள் வந்து கீழ்வாசலில் நிற்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் வீடுகளில் இதையே 'இரட்டை நேட்' என்று திரையில் பெயர் சொல்லியே காட்டும்.

இது உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று பார்க்க எளிய வழி உண்டு. மாடி வைஃபையில் இருக்கும்போது போனின் வைஃபை விவரத்தைத் திறந்து கேட்வே என்ற வரியைப் பாருங்கள், அதுதான் அந்த ரூட்டரின் முகவரி. கீழே வந்து கீழ் வைஃபையில் அதையே பாருங்கள். மாடியில் 192.168.0.1, கீழே 192.168.1.1 என்பது போல இரண்டு விதமாக இருந்தால் இரண்டு நெட்வொர்க். இன்னும் உறுதி வேண்டுமானால் பிரவுசரில் மாடி கேட்வே எண்ணைத் தட்டி, மாடி ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் வான் (WAN) முகவரியை, அதாவது அதன் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அதுவே 192.168 என்று தொடங்கினால் சந்தேகம் இல்லை.

சரி, தீர்வு. மாடி ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆப்பரேஷன் மோட்' என்று ஒரு இடம் இருக்கும். அதில் ரூட்டர் என்பதை மாற்றி ஆக்சஸ் பாயிண்ட் என்று வைத்துச் சேமியுங்கள். ஒரு நிமிடத்தில் பெட்டி அணைந்து எழும். இனி அது முகவரி கொடுக்காது, கர்னே எழுதாது, வைஃபையை மட்டும் பரப்பும். எல்லா முகவரியும் கீழ்ப்பெட்டியிடமிருந்தே வரும். மாமாவின் பிரிண்ட், அத்தையின் டிவி, பையனின் விளையாட்டு மூன்றுக்கும் இது ஒன்றே போதும். பிரிண்டரை மட்டும் மாமாவின் லேப்டாப்பில் ஒருமுறை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள், அதன் முகவரி மாறியிருக்கும்.

பழைய மாடல்களில் அந்த மெனு இருக்காது. அப்போது கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். கீழே இருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு லேப்டாப்பை மாடி ரூட்டரில் மட்டும் மாட்டுங்கள். கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால், மாடி ரூட்டரின் லேன் (LAN) முகவரியை, அதாவது வீட்டுப் பக்க முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ்ப்பெட்டி மற்றவர்களுக்குக் கொடுக்கும் முகவரி வரிசைக்குள் அந்த 2 வந்துவிடக் கூடாது. வருமானால் கீழ்ப்பெட்டியில் அந்த வரிசையை 100-லிருந்து தொடங்கும்படி தள்ளிவிடுங்கள். பிறகு புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை அணையுங்கள். கடைசியில் கீழே இருந்து வரும் கேபிளை மாடி ரூட்டரின் வான் துளையில் அல்ல, லேன் துளைகளில் ஒன்றில் மாட்டுங்கள். வான் துளை காலியாகவே இருக்கட்டும். அந்த 192.168.1.2 என்ற எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். டிஎச்சிபி அணைந்த பெட்டிக்குள் மறுபடி நுழைய அந்த எண்தான் சாவி.

கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடில், அதாவது கர்னே எழுதாமல் நெட்டை அப்படியே கடத்திவிடும் நிலையில் போட்டு, புது ரூட்டரையே முதன்மையாக்கிக்கொள் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஒரு வழிதான். ஆனால் நம் வீடுகளில் லேண்ட்லைனும் டிவி பெட்டியும் அந்தக் கம்பெனிப் பெட்டியையே நம்பி ஓடுவது வழக்கம். அதைக் கலைத்தால் அத்தை மாமாவின் டிவி நின்றுபோகலாம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நான் அதைத் தொடுவதில்லை.

திரியோலேயிலிருந்து ஒரு வாசகர்:

"எங்கள் வீட்டில் நெட் இருக்கும், திடீரென்று இருக்காது. ஒரு போனில் வரும், அடுத்த போனில் வராது. கரண்ட் போய் வந்தால் கட்டாயம் இந்தத் தொல்லை. இரண்டு ரூட்டர் உண்டு, இரண்டுமே 192.168.1.1 என்று அடியில் எழுதியிருக்கிறது. கம்பெனிக்குப் பலமுறை போன் செய்துவிட்டேன். லைன் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள்."

தம்பி, அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். இதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கீழே அம்மாவும் நானும், மாடியில் தம்பி குடும்பம். தம்பி மகளுக்குப் பள்ளிக்கூடம் லேப்டாப்பில் வர ஆரம்பித்தது. எங்கோ கிடந்த ஒரு பழைய ரூட்டரைத் தம்பி எடுத்து மாடியில் மாட்டினான். வான் துளை ஒடிந்திருந்ததால் கேபிளை லேன் துளையில் சொருகினான். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை கரண்ட் போய் வந்தது. வகுப்பு தொடங்கியதும் மாடியில் நெட் இல்லை. கீழே என் போனில் இருக்கிறது. நான் கீழ்ப்பெட்டியையே அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், கம்பெனிக்குப் பேசினேன். சாயங்காலம்தான் அவள் லேப்டாப்பின் கேட்வேயைப் பார்க்கத் தோன்றியது. குழந்தைக்கு அன்றைய வகுப்பு முழுக்கப் போய்விட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் வேறு எதையும் தொடும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி: இந்த வீட்டில் முகவரி கொடுப்பது யார்?

நடந்தது இதுதான். லேன் துளையிலிருந்து லேன் துளைக்குப் போட்டால் இரண்டு நெட்வொர்க் ஆகாது, ஒரே நெட்வொர்க்தான். ஆனால் அதில் முகவரி கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒரு போன் உள்ளே வந்து முகவரி கேட்டால் யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும். கம்பெனிப் பெட்டி சொன்னால் நெட் வரும். வெளியே போக வழியே இல்லாத பழைய ரூட்டர் சொன்னால், வைஃபை முழுதாகக் காட்டும், நெட் வராது. கரண்ட் வந்தவுடன் சின்ன ரூட்டர் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. கம்பெனிப் பெட்டி ஃபைபரோடு பேசி முடித்து எழ நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் முகவரி கேட்கும் கருவிகள் தவறான ஆளிடம் முகவரி வாங்கிக்கொள்கின்றன. அந்த முகவரி பல மணி நேரம் செல்லும் என்பதால் தொல்லை உடனே தீர்வதும் இல்லை.

உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் சில சமயம் ஒரு பெட்டியின் பக்கமும் சில சமயம் மற்றதன் பக்கமும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இதுதான் காரணம்.

வாக்வா தங்கச்சிக்குச் சொன்ன கைவழி அப்படியே உங்களுக்கும் பொருந்தும்: முதலில் முகவரியை 2 ஆக்குங்கள், பிறகு டிஎச்சிபியை அணையுங்கள். அப்புறம் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இரண்டு ரூட்டருக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள்தான் போகிறதா என்றும் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு இருந்தால் வேகம் கூடும் என்று நினைத்து இரண்டு மாட்டி வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். தகவல் அந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, வீடு முழுக்க ஒரு நொடியில் நின்றுபோகும்.

காத்ர் போர்னிலிருந்து ஒரு மாணவி:

"மாடி வைஃபைக்கும் கீழ் வைஃபைக்கும் ஒரே பெயர் வைக்கலாமா, வேறு பெயர் வைக்க வேண்டுமா? படிக்கட்டில் ஏறும்போது வாட்ஸ்அப் அழைப்பு அறுந்துவிடுகிறது."

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைக்கலாம்மா, ஆனால் இரண்டாவது பெட்டியை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கிய பிறகு. அதற்கு முன் வைத்தால் இப்போது நடப்பதுதான் நடக்கும். படிக்கட்டின் நடுவில் போன் ஒரு வைஃபையிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது, தாவியதும் அதன் முகவரி மாறுகிறது, அழைப்பு மறுபடி முதலிலிருந்து இணைய வேண்டியிருக்கிறது. ஒரே நெட்வொர்க்காக இருந்தால் முகவரி மாறாது.

எப்போது தாவுவது என்று முடிவு செய்வது ரூட்டர் இல்லை, போன். சில போன்கள் பழைய இடத்தை விடவே மாட்டா. மாடியில் உட்கார்ந்துகொண்டு கீழ்ப்பெட்டியின் ஒரே ஒரு சிக்னல் கோட்டைப் பிடித்துத் தொங்கும். இரண்டு பெட்டியிலும் 2.4 அலையின் வலுவைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இது குறையும். சேனல்களையும் பிரித்து வையுங்கள். 2.4-ல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. கீழே 1, மாடியில் 6 என்று வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு வைஃபை 6-ல் கூட்டமாக இருந்தால் 11.

முதல் ஒரு வாரம் மட்டும் பெயர்களை வேறு வேறாக வைத்துக்கொள்வது என் வழக்கம். எந்த அறையில் எது எட்டுகிறது என்று தெரிந்த பிறகு ஒன்றாக்குவேன்.

மாஹேபூரிலிருந்து ஒரு வாசகர்:

"மாடியை வாடகைக்கு விடுகிறேன். வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து போகும். அவர்களுக்கு நெட் கொடுக்க வேண்டும், ஆனால் என் கம்ப்யூட்டர், கேமரா எதுவும் அவர்கள் கண்ணில் படக் கூடாது. இரண்டு ரூட்டர் வைத்தால் கெடுதல் என்கிறார்களே?"

ஐயா, உங்களுக்கு அது கெடுதல் இல்லை. வாக்வா வீட்டில் எது தொல்லையோ அதுவே உங்களுக்குத் தேவையான மதில். குடும்பம் ஒன்றாக இருக்கும் வீட்டில் அதை இடிக்கச் சொல்வேன், வேற்றாள் தங்கும் வீட்டில் கட்டச் சொல்வேன்.

ஆனால் மதில் எந்தப் பக்கம் மறைக்கிறது என்று கவனியுங்கள். இதில் பலர் தவறுகிறார்கள். வாடகைக்காரர் கையில் இரண்டாவது ரூட்டரைக் கொடுத்துவிட்டு, தாங்கள் கம்பெனிப் பெட்டியின் வைஃபையிலேயே இருந்துகொள்கிறார்கள். மேலே சொன்ன பிரிண்டர் கதையை நினைத்துப் பாருங்கள். உள் ரூட்டருக்குப் பின்னால் இருப்பவர் வெளியே உள்ளதை எட்டலாம், வெளியே இருப்பவர்தான் உள்ளே வர முடியாது. அப்படியானால் வாடகைக்காரரால் உங்கள் கேமராவை எட்ட முடியும், உங்களால்தான் அவர் கருவிகளைப் பார்க்க முடியாது. நீங்கள் வேண்டியதற்கு நேர் எதிர்.

ஆகவே இடம் மாறுங்கள். உங்கள் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் உள் ரூட்டருக்குப் பின்னால் போகட்டும். விருந்தினர் கம்பெனிப் பெட்டியின் வைஃபையில் இருக்கட்டும். இன்னும் நல்லது, மூன்று பெட்டி வைப்பது. கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதிலிருந்து உங்களுக்கு ஒரு ரூட்டர், அவர்களுக்கு ஒரு ரூட்டர் என்று இரண்டு கிளை பிரிப்பது. அப்போது யாரும் யாரையும் பார்க்க முடியாது. மூன்று பெட்டியிலும் முகவரி வரிசை வேறாக இருக்க வேண்டும்: 192.168.1, 192.168.50, 192.168.60 என்பது போல. வெளியேயும் உள்ளேயும் ஒரே வரிசை இருந்தால் உள் ரூட்டருக்கு எது வீடு, எது தெரு என்று புரியாது, நெட்டே வராது.

எதைச் செய்தாலும் கம்பெனிப் பெட்டியின் நிர்வாகப் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டை வந்து போகும் யாரும் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிப் பெட்டியிலேயே விருந்தினர் வைஃபை என்று ஒரு வசதி இருந்தால் அதுவும் போதும். ஆனால் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்ட பெட்டியின் விருந்தினர் வைஃபையை நம்பாதீர்கள். சில மாடல்களில் அந்த மோடுக்கு மாறியதும் பெயர் மட்டும்தான் தனியாக இருக்கும், பிரிப்பு போய்விடும்.

கியூர்பீப்பிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்:

"எங்கள் வீட்டில் ஒரே ரூட்டர்தான். லண்டனில் இருக்கும் மகள் எங்கள் கேமராவைப் பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் என்ற வாசலைத் திறந்து வைத்தேன். வேலை செய்யவில்லை. ஒரே ரூட்டருக்கும் இரட்டை நேட் வருமா?"

வரும், ஐயா. இரண்டாவது கர்னே உங்கள் வீட்டில் இல்லை, கம்பெனியில் இருக்கிறது. முகவரி பற்றாக்குறையால் உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. உங்கள் ரூட்டரின் வான் முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரை எதிலாவது தொடங்கினால் அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறீர்கள். இதற்காகவே 2012-ல் ஒதுக்கிய முகவரிகள் அவை. அப்படி இருந்தால் வீட்டில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. பொது முகவரி ஒன்று வேண்டும் என்று கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கேமரா கம்பெனியின் சொந்தச் செயலி வழியாக மகள் பார்க்கலாம். அதில் கேமராவே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது, எத்தனை நேட் இருந்தாலும் தடையில்லை. திறந்து வைத்த போர்ட்டை மறக்காமல் மூடிவிடுங்கள். கேமராவின் பாஸ்வேர்டு பெட்டியில் வந்த பழையதாகவே இருந்தால் அதையும் மாற்றிவிட்டு மகளுக்குச் சொல்லுங்கள்.

குட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி:

"தோட்டத்துக்குப் பின்னால் அண்ணன் வீடு கட்டியிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து 40 மீட்டர். ரூட்டர் வாங்கிவிட்டார். கேபிள் போட்டால் போதுமா?"

நீளம் பிரச்சினை இல்லை தங்கச்சி, செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை போகும். இடிதான் பிரச்சினை. இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு ஓடினால், கோடையில் அருகில் எங்கே மின்னல் விழுந்தாலும் அந்த வேகம் கேபிள் வழியாக இரண்டு வீட்டுக்குள்ளும் வரலாம். ரூட்டரோடு டிவியும் போகும். அந்த 40 மீட்டருக்கு ஃபைபர் இழை போடுங்கள், இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்று வரும். உலோகக் கம்பி சேர்க்காத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள், இடிக்கு அதில் வழி இல்லை. கரும்பு வயல் பக்கம் என்றால் எலி கடிக்கும், குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைக்கச் சொல்லுங்கள். குழாயைக் கொஞ்சம் பெரிதாகவே போடட்டும், நாளைக்கு இன்னொரு இழை விட வேண்டி வந்தால் மறுபடி தோண்ட வேண்டாம். அண்ணனின் ரூட்டரை மாட்டும் முன்பே ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டுவிடச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு என்று விட்டால் அது அப்படியே மறந்துபோகும்.